பாப்பா என்னைப் பார்த்தாலே அழுகிறாள்

கேள்வி: சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 29. மனைவிக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஊர். வளைகாப்பு முடிந்து மேலே போனவள், பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம்தான் கீழே வந்தாள். அதுவரை ஞாயிறுதோறும் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது பாப்பாவுக்கு எட்டு மாதம். நான் தூக்கினால் வீறிட்டு அழுகிறாள். என் மனைவியிடமும் எங்கள் அம்மாவிடமும் சிரித்துக்கொண்டே போகிறாள். அம்மா, "ஆம்பளைக்கு எதுக்குடா இந்த வேலை, நடக்க ஆரம்பிச்சா தானா உன்கிட்ட வருவா" என்கிறார். நான் தூக்கும் விதம் சரியில்லை என்று மனைவி என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள். டயபரும் மருந்தும் வாங்கிப் போடத்தான் நான். இப்போதெல்லாம் வேலை இல்லாவிட்டாலும் ஒன்பது மணி வரை பட்டறையிலேயே இருந்துவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. போன வாரம் ராத்திரி அழுகை நிற்காமல், தூளியை ரொம்ப வேகமாக ஆட்டிவிட்டேன். மனைவி பயந்துபோனாள். ஒரு மாதம் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்கிறாள். அனுப்பினால் பாப்பா என்னைச் சுத்தமாக மறந்துவிடுவாளா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்:

தம்பி, தூளி விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

தூளி வேகமாக ஆடியதோடு நின்றதா, தோளைப் பிடித்துக் குலுக்கவும் செய்தீர்களா, தலை சுவரில் கிவரில் பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆடியதோடு சரி, மறுநாளிலிருந்து பாப்பா வழக்கம்போல் பால் குடிக்கிறாள், விளையாடுகிறாள் என்றால் பயப்படாதீர்கள். குலுக்கியிருந்தாலோ, தலையில் அடி பட்டிருந்தாலோ, இதைப் படித்த கையோடு ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எட்டு மாதக் குழந்தைக்குத் தலை பெரியது, கழுத்துக்கு இன்னும் பலம் போதாது. பிடித்துக் குலுக்கினால் மூளை முன்னும் பின்னும் அலைந்து, அதைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். மூளையைச் சுற்றியும் கண்ணுக்குள்ளும் இரத்தம் கசியும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, இதில் எது தெரிந்தாலும் நள்ளிரவானாலும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இன்னொரு ராத்திரி அதே கோபம் வரும். வராது என்று நினைத்து ஏமாறாதீர்கள். வந்தால் பாப்பாவைத் தரையில் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். திண்ணையில் உட்காருங்கள், முகம் கழுவுங்கள், மனைவியை எழுப்புங்கள். பத்து நிமிடம் அழுவதால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. தூளியையும் இந்த மாதத்தோடு அவிழ்த்துவிடலாம். உட்காரவும் துணியைப் பிடித்து எழவும் பழகிய குழந்தை, தூளியிலிருந்து தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். மருத்துவர்களான எங்களிடம் வரும் தலை அடிகளில் இது அடிக்கடி வருவது.

சரி, அழுகைக்கு வருவோம்.

ஆறாவது மாதத்துக்கும் எட்டாவது மாதத்துக்கும் இடையில் குழந்தைகளுக்கு ஒரு புது அறிவு வருகிறது. அதுவரை யார் தூக்கினாலும் போகிற குழந்தை, இவர் நம்மவர், இவர் வேறு ஆள் என்று பிரிக்கத் தொடங்குகிறது. வேறு ஆள் என்று பட்டால் அழுகிறது. ஒன்பது, பத்து மாதங்களில் இது உச்சத்துக்குப் போய், ஒன்றரை இரண்டு வயதுக்குள் மெல்ல மெல்லத் தணியும். கண்ணாடி போட்ட மாமா, மீசை வைத்த தாத்தா, ஊசி போடும் நான், எல்லோருக்கும் இதே வரவேற்புதான். மூளை சரியாக வளர்கிறது, ஒருவரிடமாவது ஆழமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு எங்களுக்கு அது அடையாளம். எட்டு மாதத்தில் யாரிடமும் தயங்காமல் போகும் குழந்தையைக் கொண்டுவந்தால் நான் இன்னும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பேன்.

ஆனால் உங்களை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தாள்? இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அவள் கணக்கில் 'அப்பா' என்று ஒரு உறவு கிடையாது. பசித்தபோது வந்த கை, நனைந்தபோது துணி மாற்றிய கை, தூக்கம் வராமல் நெளிந்தபோது தோளில் போட்டுத் தட்டிய கை, இவைதான் கணக்கு. இந்த எட்டு மாதத்தில் அந்தக் கைகள் அவள் அம்மாவுடையவை, மேலே அம்மாயியுடையவை, கீழே வந்த பிறகு அப்பாயியுடையவை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, கன்னத்தைத் தொட்டுவிட்டு, இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டுமே என்று கிளம்பியவர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிரசவித்த உடம்புக்கு அந்த ஓய்வு வேண்டும், பல வீடுகளில் அது கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். அந்த வழக்கத்தில் மருமகனுக்கு மட்டும் ஒரு வேலையும் வைக்காமல், விருந்தாளிக்குரிய மரியாதையை வைத்துவிட்டார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டதன் விலையைத்தான் இப்போது கொடுக்கிறீர்கள்.

அதனால் உங்களுக்கு நான் எழுதும் மருந்துச் சீட்டில் ஒரே வரிதான். வீட்டில் பாப்பாவின் வேலைகளில் ஒன்றை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். உதவி செய்வது வேறு, இது வேறு. நீங்கள் செய்யாவிட்டால் அன்றைக்கு அது நடக்காது என்கிற அளவுக்கு உங்கள் பொறுப்பாக இருக்க வேண்டும். தினமும், ஒரே நேரத்தில்.

எந்த வேலை? என்னைக் கேட்டால் காலைக் குளியல். பட்டறைக்குப் போகும் முன் கால் மணி நேரம் போதும். உங்கள் அம்மாவோடு இருக்கும் சங்கடமும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும். "நானும் செய்வேன்" என்று அவரிடம் வாதம் செய்யாதீர்கள். "எனக்குச் சொல்லிக் கொடும்மா" என்று பக்கத்தில் போய் உட்காருங்கள். காலை நீட்டி, குழந்தையைக் கால் மேல் கிடத்தி, தண்ணீர் முகத்தில் வழியாமல் ஊற்றுவது பழகிய கைக்குத்தான் வரும். அதை மகனுக்குச் சொல்லித் தரக் கசக்கும் அம்மாவை நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள், மூன்றைத் தவிர: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்குக்குள் ஊதிச் சளி எடுப்பது, குளித்து முடித்ததும் சாம்பிராணிப் புகையில் காட்டுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும், புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும். அம்மா கேட்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

முதல் நாலைந்து நாள் கத்துவாள். உங்கள் அம்மா குளிப்பாட்டட்டும், நீங்கள் தண்ணீர் மோந்து ஊற்றுங்கள். அப்புறம் துடைப்பதும் சட்டை போடுவதும் உங்கள் வேலை. அதற்குப் பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். அவள் அம்மா மடியிலிருந்து வெடுக்கென்று வாங்காதீர்கள். பட்டறையிலிருந்து வந்ததும் ஹெல்மெட்டை வாசலுக்கு வெளியிலேயே கழற்றுங்கள். அந்தத் தலையோடு குனிந்தால் எந்தக் குழந்தையும் அலறும். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, அவளையே உற்றுப் பார்க்காமல் மனைவியோடு பேசிக்கொண்டிருங்கள். கையில் ஒரு கரண்டியோ டப்பாவோ இருந்தால் போதும், அதைப் பிடுங்க அவளே தவழ்ந்து வருவாள். துண்டால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு இந்த வயதுக்கென்றே ஆனது. மறைந்த முகம் திரும்ப வரும் என்பதை இப்போதுதான் புரிந்துகொள்கிறாள், நூறு தடவை செய்தாலும் சலிக்காது.

மனைவி உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். அழுகை கேட்டால் தாயின் உடம்பு பொறுக்காது, சிலருக்குப் பால் கூடச் சுரந்துவிடும். "நீ பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குக் கை வராது. அரை மணி நேரம் தெருமுனை வரை போய்விட்டு வா" என்று அன்பாகக் கேளுங்கள். அவர் போன பிறகு நீங்கள் தடுமாறுவீர்கள். டயபரைத் திருப்பிக் கட்டுவீர்கள். அப்படித்தான் எல்லோரும் பழகியது.

இரண்டாவது வேலை வேண்டுமானால் ஒரு வேளைச் சாப்பாடு. எட்டு மாதத்தில் தாய்ப்பாலோடு இரண்டு மூன்று வேளை கட்டி உணவு வேண்டும். ஒன்பது மாதம் ஆனதும் மூன்று நான்கு வேளை. மசித்த பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், கீரை, நன்றாக வேகவைத்த முட்டை, மசித்த பழம். கரண்டியிலிருந்து வழிந்து ஓடாத பதத்தில் இருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் இப்போதைக்கு வேண்டாம். தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்: ஜவ்வரிசிக் கஞ்சியைக் குழந்தையின் முக்கிய உணவாக வைக்காதீர்கள். அது முழுக்க மாவுச்சத்து. வயிறு நிறையும், இரும்புச்சத்தும் புரதமும் வராது. மாம்பழ சீசனில் நன்றாகப் பழுத்த பழத்தை மசித்துக் கொடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

உங்கள் தொழில் தொடர்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பற்ற வைக்கும் புகையும், மெருகுக்குப் போடும் அமிலமும், வெள்ளித்தூளும் சட்டையிலும் தலைமுடியிலும் படிந்திருக்கும். வந்த வேகத்தில் பாப்பாவைத் தூக்காமல், குளித்து உடை மாற்றிக்கொண்டு தூக்குங்கள். பட்டறைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து சலங்கை கோப்பது உங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் உண்டு. உங்கள் வீட்டிலும் உண்டென்றால் அதைக் கதவு போட்ட அறைக்கு மாற்றுங்கள். தவழும் குழந்தை தரையில் கிடக்கும் ஒரு சலங்கை மணியை, ஒரு திருகாணியை நமக்கு முன்னால் கண்டுபிடித்து வாயில் போட்டுவிடும்.

குழந்தை வளர்ப்பு ஆண் உடம்புக்கு எழுதியதில்லை என்பது உங்கள் அம்மா மட்டும் சொல்வதில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸில் சீபு என்ற ஊரில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அப்பா ஆனவர்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட அப்பாக்களிடம் மற்ற அப்பாக்களைவிட இன்னும் குறைவு. இதைச் சொன்னால் என் கிளினிக்கில் சில அப்பாக்கள் நாற்காலியில் நெளிகிறார்கள். ஆண்மைக்கு ஒரு குறையும் வராது ஐயா, அடுத்த குழந்தையும் பிறக்கும். பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதற்கு ஏற்றபடி ஆண் உடம்பும் மாறிக்கொள்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இனி உங்களைப் பற்றி. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம், பட்டறையிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறீர்கள். இதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது சோம்பேறித்தனமோ பொறுப்பின்மையோ இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் உரியது என்று நினைக்கிறோம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான அறிக்கை, பத்தில் ஒரு அப்பாவுக்கு அது வருவதாகச் சொல்கிறது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் காலத்தில் அது அதிகம். மனைவிக்கு இருந்தால் கணவனுக்கும் வர வாய்ப்பு கூடுதல். ஆண்களிடம் அது அழுகையாக வெளியே வருவது குறைவு. எரிச்சல், தூக்கமின்மை, வீட்டைத் தவிர்ப்பது, குடி என்று வேறு வேடத்தில் வரும். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பழக்கம் இருந்தால், குடித்த ராத்திரி குழந்தையின் பக்கத்தில் படுக்காதீர்கள். உறக்கத்தில் குழந்தையை அமுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே இருக்கிறதென்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவமனையிலேயே வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். மனைவியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: "நீ எப்படி இருக்க?" உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு மாதம் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பது தூளியைக் கண்ட பயத்தால் இருக்கலாம். எட்டு மாதமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத அலுப்பாகவும் இருக்கலாம். பின்னதுக்கு வழி எளிது. இரவு பத்து மணிக்குப் பால் கொடுத்ததும் பாப்பாவை நீங்கள் வாங்கி, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் தூங்கவையுங்கள். இரண்டு மணி வரை எழுந்தால் நீங்கள் பாருங்கள், பசி என்றால் மட்டும் அவரை எழுப்புங்கள். நாலு மணி நேரத் தொடர்ந்த தூக்கம் ஒரு தாயை எவ்வளவு மாற்றும் என்பதை ஒரே வாரத்தில் பார்ப்பீர்கள். முன்னதுக்கு, உட்கார வைத்து மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேலை நேரம் பற்றிக் கேட்பீர்கள். மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் உங்களுக்கு எந்தச் சட்டமும் ஒரு நாளும் தரவில்லை. அநியாயம்தான், ஆனால் அது மாறும்வரை பாப்பா காத்திருக்க மாட்டாள். ஆனால் ஒன்பது மணி வரை பட்டறையில் இருப்பது வேலைக்காக இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்களே. அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன்.

மனைவியை அனுப்பலாமா? தாராளமாக அனுப்புங்கள். தடுத்தால் தூளிச் சம்பவத்துக்கு மேல் இன்னொரு மனக்கசப்பு சேரும். பாப்பா சுத்தமாக மறந்துவிட மாட்டாள், ஆனால் ஒரு மாதம் பார்க்காவிட்டால் திரும்பி வந்ததும் இரண்டு மூன்று நாள் மறுபடி அழுவாள். ஒரு மாதத்தை இரண்டு வாரமாகக் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இந்தத் தடவை நீங்களும் கூடவே போய் முதல் இரண்டு மூன்று நாள் அங்கே தங்குங்கள். அத்தை காபியோடு வந்தால் வாங்கிக் குடியுங்கள், ஆனால் குளியல் உங்கள் வேலை என்று சொல்லிவிடுங்கள். மருமகன் குழந்தையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் சிரிப்பார்கள். அதன் பிறகு நடுவில் வரும் ஞாயிறுகளில் காலையிலேயே போய்விடுங்கள். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அந்தத் துண்டு விளையாட்டையே ஆடுங்கள். முகமும் குரலும் அவளுக்கு விட்டுப்போகாது.

பைக்கில் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இருசக்கர வாகனத்தில் குழந்தையை ஏற்ற இப்போதைய விதிப்படி ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட்டும் நாலு வயது வரை பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். அவளுக்கு அந்த வயதே ஆகவில்லை. பஸ்ஸோ காரோ பாருங்கள். மலை இறங்கும்போது காது அடைத்து அழுவாள். அந்த நேரத்தில் பால் குடித்தாலோ எதையாவது சப்பினாலோ சரியாகிவிடும், அதனால் இறங்கும் முன் வயிற்றை நிரப்பிவிடாமல் ஒரு வேளைப் பாலை மலைப்பாதைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அவர்கள் மேலே இருக்கும்போது அந்தத் தேதி வந்தால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், தாய் சேய் நல அட்டையை மட்டும் பையில் வைத்துவிடுங்கள். முடிந்தால் அந்தப் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏறிப் போங்கள். ஊசி போடும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.